தளம் முறிந்த நாள்: திருமலைத் துறைமுகமும் நிறுத்தமுடியாத இயந்திரங்களும்

திருகோணமலைத் துறைமுகத்தின் கடந்த நூற்றாண்டு வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இரண்டு நாட்களை மறவாமல் குறிப்பிடுவர். ஒன்று, 1942 ஏப்ரல் 9. அன்று ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடாவையும் தாக்கின; எண்ணெய்த் தாங்கி எரிந்தது; மட்டக்களப்புக்கு அப்பால் ‘ஹேர்மீஸ்’ என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. மற்றையது, 1957 ஒக்டோபர் 15. அன்று பிரித்தானியக் கடற்படை தன் தளத்தை இலங்கை அரசிடம் ஒப்படைத்து விடைபெற்றது.

இவ்விரண்டுக்கும் இடையில் அதிகம் பேசப்படாத இன்னொரு நாள் உண்டு. அது 1944 ஓகஸ்ட் 8. அன்று பகைவரின் விமானம் எதுவும் வரவில்லை. குண்டும் விழவில்லை. ஆயினும் பிரித்தானியக் கடற்படை, கீழைக் கடலில் தன்னிடமிருந்த மிகப்பெரிய பழுதுபார்ப்புச் சாதனங்களில் ஒன்றை இழந்தது. அத்தோடு ஒரு பெரும் போர்க்கப்பலையும் களத்திலிருந்து இழந்தது. காரணம், பராமரிப்பு வேலை ஒன்று.

இயந்திரத்தை முற்றாக நிறுத்தி, ஆறவைத்து, பிறகு திறந்து பார்ப்பதற்கு எல்லா வேளையும் வாய்ப்பதில்லை. மின்நிலையம், எண்ணெய் மேடை, கொதிகலன், போர்க்கால யுத்தக் கப்பல் ஆகியவற்றை இயங்கும் நிலையிலோ பாதி இயங்கும் நிலையிலோ வைத்துக்கொண்டுதான் பழுதுபார்க்க நேர்கிறது. அப்போது ஆபத்தை எப்படி அளப்பது என்ற கேள்விக்குத் திருமலைத் துறைமுகத்தின் அடியில் ஒரு பாடம் கிடக்கிறது. அதைச் சற்று விரிவாகப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

திருமலைக்கு ஏன் வந்தது?

சிங்கப்பூரில் பிரித்தானியா பெரும்பொருட் செலவில் ஒரு கடற்படைத் தளத்தை அமைத்து, 1938 பெப்ரவரியில் மிகப்பெரிய தரைத் தளம் ஒன்றையும் அங்கு திறந்து வைத்தது. எத்தகைய போர்க்கப்பலும் அதனுள் ஏறி நிற்கலாம். நான்கே ஆண்டுகளில், 1942 பெப்ரவரி 15 அன்று, சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. போர்க்கப்பலின் அடிப்பாகத்தை நீருக்கு வெளியே எடுத்துப் பார்க்கும் வசதி, இந்து சமுத்திரத்தின் கீழ்ப் பகுதியில் பிரித்தானியருக்கு அதனோடு கைநழுவிப் போயிற்று.

இந்த வசதி சிறு விடயமன்று. வெப்பக் கடலில் நிற்கும் கப்பலின் அடியில் சிப்பியும் பாசியும் விரைவில் படியும். படிந்தால் வேகம் குறையும், எண்ணெய்ச் செலவு கூடும். சுழல்விசிறி, சுக்கான், அடித்தகடு ஆகியவற்றில் எந்தக் கோளாறு வந்தாலும் கப்பலைத் தூக்கியே ஆகவேண்டும். 1944 தொடக்கத்தில் திருமலையில் பிரித்தானியாவின் கீழைக் கடற்படை மீண்டும் வலுப்பெற்றபோது, அங்கு ஒரு பெரிய மிதக்கும் தளம் தேவைப்பட்டது. அவ்வாறு வந்ததுதான் ‘கடற்படை மிதக்கும் தளம் 23’.

தளத்தில் ஏறிய கப்பலின் பெயர் ‘வேலியண்ட்’. 1914இல் நீரில் இறக்கப்பட்டு, 1916 ஜட்லண்ட் சமரிற் பங்கேற்ற பழைய கப்பல் அது. இரண்டாம் உலகப் போருக்குச் சற்று முன்னர் ஏறத்தாழ முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது. 1941 டிசம்பர் 19 அன்று அலெக்சாந்திரியாத் துறைமுகத்துள் இத்தாலியச் சுழியோடிகள் அதன் அடியில் வெடிகுண்டு வைத்துத் தகர்த்தனர். முதலில் அங்கேயும் பின்னர் தென்னாபிரிக்காவின் டர்பனிலும் பழுதுபார்க்கப்பட்டு அது மீண்டும் கடலுக்கு வந்தது. 1944 ஜூலை 25 அன்று, அட்மிரல் ஜேம்ஸ் சொமர்விலின் தலைமையில், சுமாத்திராவின் முனையிலுள்ள சபாங் துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்த கப்பல்களில் ‘வேலியண்ட்’டும் ஒன்று. அதற்குச் சரியாக இரண்டு வாரங்களின் பின் அது திருமலையில் மிதக்கும் தளத்தில் ஏற்றப்பட்டது.

மிதக்கும் தளம் எப்படித் தூக்குகிறது?

மிதக்கும் தளத்தைப் பார்த்திராத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. இரு பக்கமும் உயர்ந்த சுவர்களும் அவற்றுக்கு இடையே அகன்ற தட்டையான அடிப்பகுதியும் கொண்ட, இரு முனைகளும் திறந்த ஒரு பெரும் இரும்புத் தொட்டியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அடிப்பகுதியும் சுவர்களும் உள்ளே பல அறைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். அவ்வறைகளில் கடல்நீரை விட்டால் தளம் தாழும். தாழ்ந்த தளத்தின்மேல் கப்பல் மிதந்து வந்து, வரிசையாக அடுக்கிய கட்டைகளுக்கு நேரே நிற்கும். பின்னர் அறைகளிலிருக்கும் நீரைப் பம்பினால் வெளியேற்ற, தளம் கப்பலையும் சுமந்துகொண்டு மெல்ல மேலெழும்.

இதில் எல்லோருக்கும் உடனே தோன்றும் கேள்வி, ‘தளத்தால் இவ்வளவு நிறையைத் தூக்க முடியுமா?’ என்பதே. அதற்கு விடை காண்பது எளிது. கப்பலின் நிறையையும் தளத்தின் தூக்குவலுவையும் ஒப்பிட்டால் போதும். உண்மையான ஆபத்து அதற்கு அடுத்த கேள்வியில் இருக்கிறது. கப்பலின் நிறை அதன் நீளம் முழுவதும் ஒரே சீராகப் பரவியிருப்பதில்லை. பீரங்கி மேடைகளும் வெடிபொருள் அறைகளும் கொதிகலன்களும் உள்ள இடங்களில் நிறை குவிந்திருக்கும், முனைகளில் குறைந்திருக்கும். நிறை மிகுந்த இடத்தின் கீழே தூக்குவிசையும் மிகுந்திருக்கவேண்டும். அதற்கேற்ப எந்த அறையை முதலில் வெறுமையாக்குவது, எதை அடுத்து, எதைக் கடைசியில் என்ற ஒழுங்கு வகுக்கப்படும். ஒழுங்கு பிசகினால், மொத்தக் கணக்கு சரியாகவே இருந்தும், தளத்தின் ஒரு பகுதி மேல்நோக்கியும் இன்னொரு பகுதி கீழ்நோக்கியும் இழுக்கப்படும். தலையணையின்றி இரு கதிரைகளுக்கு இடையே படுத்திருப்பவனின் முதுகைப் போல அதன் முதுகெலும்பு வளையும். ஓர் எல்லைக்கு மேல் முறியும்.

அன்று நடந்தது

1944 ஓகஸ்ட் 8 அன்று ‘வேலியண்ட்’ தளத்தின்மேல் வந்து நின்றது. அறைகளிலிருந்து நீர் வெளியேற்றப்பட்டுத் தளம் உயரத் தொடங்கியது. கப்பலின் நிறைப்பரம்பலுக்குப் பொருந்தாத ஒழுங்கில் அறைகள் வெறுமையாக்கப்பட்டன. கப்பலில் வெடிபொருள் முழு அளவில் இருந்தது. அது நிலைமையை மேலும் மோசமாக்கியது. தளத்தின் முனைகளில் தாங்கமுடியாத அழுத்தம் ஏற்பட, அதன் முதுகு முறிந்தது. தளம் துறைமுகத்தில் மூழ்கிற்று.

கப்பல் தப்பியது, ஆனால் முழுமையாக அல்ல. நான்கு சுழல்விசிறிகளில் உள்ளிருந்த இரண்டும் இறுகிப்போயின. இரண்டு சுக்கான்களில் ஒன்றும் பழுதடைந்தது. அதன் கொதிகலன்களில் அப்போதும் நீராவி இருந்தமையால், முறிந்துகொண்டிருந்த தளத்திலிருந்து விலகி மூழ்காமல் தப்ப முடிந்தது.

அதன்பின் நடந்ததும் சோகமே. தகுந்த தளம் உள்ள அலெக்சாந்திரியாவுக்குக் கப்பலை அனுப்ப எண்ணினர். ஆனால் அதனால் நேர்கோட்டில் செல்ல முடியவில்லை. மணிக்கு எட்டுக் கடல்மைலுக்கு மேல் வேகமும் எடுக்க முடியவில்லை. சுயஸ் விரிகுடா வரை தள்ளாடிச் சென்ற கப்பலை அந்நிலையில் ஒடுங்கிய கால்வாய்க்குள் விட யாரும் துணியவில்லை. அங்கே சுழியோடிகள் நீருக்கடியில் உட்புறத் தண்டுகளை வெட்டி, விசிறிகளோடு கடலடியில் விழவிட்டனர். 1945இல் பிரித்தானியாவை அடைந்த ‘வேலியண்ட்’ மீண்டும் போர்முனைக்குச் செல்லவில்லை. பயிற்சிக்குப் பயன்பட்டு, 1948இல் உடைப்பதற்காக விற்கப்பட்டது. இத்தாலியச் சுழியோடிகளின் குண்டிலிருந்து மீண்டு வந்த கப்பலைக் களத்திலிருந்து நிரந்தரமாக அகற்றியது, அதைப் பழுதுபார்ப்பதற்கென்றே அமைந்த ஒரு தளம்.

தளத்தில் ஏற்றும் வேலைக்குப் பொறுப்பாயிருந்த அதிகாரி கடற்படை நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டார்.

வெடிபொருளும் நீராவியும்

இச்சம்பவத்தைப் படிப்போர் ஒரு விநோதத்தைக் கவனிப்பர். அன்று அந்தக் கப்பல் ‘உயிரோடு’ இருந்தது. அதன் வயிற்றில் இரண்டு பெரும் ஆற்றல்கள் இருந்தன. ஒன்று வெடிபொருள், மற்றொன்று நீராவி. முதலாவது தளத்தின் முறிவுக்குத் துணைபோயிற்று. இரண்டாவது கப்பலைக் காப்பாற்றிற்று.

வெடிபொருள் வெடித்தால்தான் ஆபத்து என்று நாம் எண்ணுவது இயல்பு. அன்று அது வெடிக்கவில்லை. வெறும் நிறையாகவே தீங்கு செய்தது. ‘வேலியண்ட்’டின் எட்டுப் பெரும் பீரங்கிகளின் குழல் விட்டம் 15 அங்குலம், ஒரு குண்டின் நிறை ஏறத்தாழ 870 கிலோகிராம். பீரங்கி ஒன்றுக்கு நூறு குண்டுகள் என்று வைத்துக் கணக்கிட்டாலே குண்டுகள் மட்டும் 700 தொன்னுக்கு அண்மையாக வருகின்றன. அவற்றைச் செலுத்தும் வெடிமருந்து, சிறு பீரங்கிகளின் குண்டுகள் ஆகியவை தனி. முப்பதாயிரம் தொன்னுக்கு மேற்பட்ட கப்பலில் இது சிறு பங்குதான். ஆனால் இந்நிறை கப்பல் முழுவதும் பரவியிருக்கவில்லை. முன்னே இரண்டும் பின்னே இரண்டுமாக அமைந்த பீரங்கி மேடைகளின் கீழுள்ள அறைகளில் குவிந்திருந்தது. தளத்தின் முதுகுக்கு மொத்தத் தொகையைவிட இந்தக் குவிவே முக்கியம்.

வெடிபொருளை இறக்கிவிட்டு ஏற்றியிருக்கலாமே என்று இன்று கேட்பது எளிது. இறக்கவும் திரும்ப ஏற்றவும் நாட்கள் பிடிக்கும். போர்க்காலத்தில் நாட்களுக்கு விலை உண்டு. ஆகவே இறக்காமல் ஏற்றுவதென்ற முடிவையே குற்றமென்று சொல்லிவிட முடியாது. ஆனால் அப்படி முடிவெடுத்தவுடன் கணக்கும் மாறவேண்டும். வெறுங்கப்பலுக்கு உரிய ஒழுங்கு நிறைகப்பலுக்கு உதவாது. தூக்கும் வேகம், அறைகளின் வரிசை, ஒவ்வொரு கட்டத்திலும் நிறுத்திப் பார்த்தல் ஆகிய எல்லாமே அன்றைய நாளின் உண்மையான நிறைக்கு ஏற்ப வகுக்கப்படவேண்டும். இன்றைய மிதக்கும் தளங்களில் முதுகின் வளைவைத் தூக்கும் நேரமெல்லாம் அளந்து காட்டும் கருவிகள் இருப்பதன் காரணம் இதுவே.

திருகோணமலை நகருக்கு வடக்கே, நிலாவெளி நோக்கிச் செல்லும் வழியில், சாம்பல்தீவை அடுத்துக் கடலோரமாக அமைந்தது சல்லி. முத்துமாரியம்மன் கோயிலால் பெயர்பெற்ற மீனவக் கிராமம். துறைமுகத்தின் அமைதியான உட்கடல் அதற்கு இல்லை. திறந்த கடலின் அலை நேரே கரையில் வந்து மோதும். அத்தகைய கரையில் படகைக் கொண்டுவரும் மீனவர், அலை முறியும் இடத்தைத் தாண்டும் வரை இயந்திரத்தை நிறுத்துவதில்லை. அவ்விடத்தில் நிறுத்தினால் படகு பக்கவாட்டில் திரும்பிக் கவிழும். மணலைத் தொடும் தறுவாயில்தான் விசிறியை மேலே தூக்குவர். ஆனால் படகை மணல்மேட்டுக்கு இழுக்குமுன் மீனையும் வலையையும் இறக்கிவிடுவர். பாரத்தோடு இழுத்தால் படகின் அடி பிளக்கும், இழுப்பவரின் முதுகும் நோகும். எதைக் கடைசிவரை ஓடவிடுவது, எதை முதலில் இறக்குவது என்ற இரண்டு வெவ்வேறு தீர்மானங்களை அவர்கள் குழப்பிக்கொள்வதில்லை.

நிறுத்தமுடியாத இயந்திரத்தில் வேலை செய்யும்போது ஆபத்தை அளப்பதன் சாரம் இதுவே. ‘நிறுத்துவதா, ஓடவிடுவதா?’ என்று முழு இயந்திரத்தையும் ஒரே பொருளாக வைத்துக் கேட்பது போதாது. அதனுள் இருக்கும் ஆற்றல்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எண்ணவேண்டும். மின்சாரம், நீராவி அழுத்தம், உயரத்தில் தொங்கும் நிறை, முறுக்கிய சுருள்வில், எரியக்கூடிய எண்ணெய், ஆறாத வெப்பம் என்று நீளும் அப்பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே விடை வேண்டும். இது ஓடவேண்டியது ஏன்? ஓடாவிட்டால் என்ன கெடும்? ஓடினால் யாருக்கு, எந்த வழியில் தீங்கு வரும்? ‘வேலியண்ட்’டில் நீராவி இருந்ததற்கு ஒரு பயன் இருந்தது, வெடிபொருள் இருந்ததற்கு ஒரு விலை இருந்தது. இரண்டையும் ‘தயார்நிலை’ என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கியவர் இரண்டையும் அளக்கத் தவறுவார்.

சட்டங்கள் சொன்னவை

ஓடும் இயந்திரத்தைத் தொடும் தேவை சில வேளைகளில் தவிர்க்கமுடியாதது என்பதைச் சட்டங்களும் ஏற்றுக்கொண்டே வந்துள்ளன. இலங்கையின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டமாக இயற்றப்பட்டது. இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 22ஆம் பிரிவு இதையே தனியாக எடுத்துப் பேசியது. இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைப் பரிசோதிக்கவோ எண்ணெயிடவோ நேர்ந்தால், அதற்கெனப் பயிற்சி பெற்ற வயதுவந்த ஆண் தொழிலாளி மட்டுமே செய்யலாம். அவர் உடலோடு ஒட்டிய ஆடை அணிந்திருக்கவேண்டும். அவ்வாடையை நிறுவனமே கொடுக்கவேண்டும். அவருடைய பெயர் பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கவேண்டும் என்றது அப்பிரிவு. வேட்டியும் தளர்ந்த சட்டையும் பட்டிச் சக்கரத்தில் சிக்கி இழுபட்ட எத்தனையோ தொழிலாளர்களின் கதை அந்த ஆடை விதிக்குள் அடங்கியிருக்கிறது.

அமெரிக்காவில் 1989இல் வெளியிடப்பட்ட விதி வேறொரு வழியைக் கண்டது. வேலை செய்பவர் ஒவ்வொருவரும் ஆற்றல் வரும் வழியைத் தம் சொந்தப் பூட்டினால் பூட்டி, தம் பெயரட்டையைத் தொங்கவிடவேண்டும், பூட்டியவரே திறக்கவேண்டும். முழுமையாக நிறுத்த முடியாத சிறு சீரமைப்புகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. அந்த விலக்கும் ‘அப்படியே செய்யலாம்’ என்ற அனுமதியன்று. பூட்டுக்கு இணையான வேறு பாதுகாப்பு இருந்தால் மட்டுமே அது செல்லும்.

மின்கம்பியில் மின்சாரம் இருக்கும்போதே வேலை செய்யும் நுட்பம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரே கம்பியில் அமர்ந்த காகத்துக்கு ஒன்றும் நேர்வதில்லை. அது வேறெதையும் தொடவில்லை, ஆதலால் அதன் உடல் முழுவதும் கம்பியின் அதே மின்னழுத்தத்தில் இருக்கிறது. உயர் அழுத்தக் கம்பியில் வெறுங்கையால் வேலை செய்யும் தொழிலாளியும் மின்கடத்தும் ஆடை அணிந்து, நிலத்தோடு எவ்விதத் தொடர்புமின்றி, கம்பியின் அழுத்தத்தோடு தம்மை இணைத்துக்கொண்டே தொடுகிறார். அவரைக் காப்பது துணிச்சல் அல்ல. மின்சாரம் எந்த வழியில் செல்லும் என்பதை முன்கூட்டியே முழுமையாகக் கணித்து, அந்த வழியிலிருந்து தம் உடலை விலக்கி வைத்ததே அவரைக் காக்கிறது.

மூன்று பிற்காலச் சம்பவங்கள்

திருமலையில் நடந்தது போர்க்கால அவசரம் என்று ஒதுக்கிவிட முடியாது என்பதற்கு அமைதிக்கால வரலாறு போதிய சான்று தருகிறது.

1988 ஜூலை 6. ஸ்கொட்லாந்துக்கு அப்பால், வட கடலில் ‘பைப்பர் அல்பா’ என்ற எண்ணெய் மேடை. எரிவாயுத் திரவத்தைச் செலுத்தும் இரண்டு பம்புகளில் ஒன்றின் பாதுகாப்பு வால்வைப் பராமரிப்புக்காகக் கழற்றியிருந்தனர். அந்த வாயில் தற்காலிகத் தகடு ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. மேடை உற்பத்தியை நிறுத்தவில்லை. பகல் முறை முடிந்து இரவு முறையினர் வந்தனர். இரவு பத்து மணிக்குச் சற்று முன் மற்றப் பம்பு நின்றுவிட்டது. உற்பத்தி நிற்காதிருக்க முதற் பம்பை இயக்கினர். அதன் வால்வு கழற்றப்பட்ட செய்தி வேறோர் அனுமதித் தாளில் இருந்தது. அத்தாள் அவர்கள் கைக்கு எட்டவில்லை. வாயு கசிந்து வெடித்தது. 167 பேர் மாண்டனர். 61 பேர் உயிர் பிழைத்தனர். கல்லன் பிரபுவின் விசாரணை அறிக்கை 1990இல் 106 பரிந்துரைகளோடு வெளியாயிற்று. பாதி இயங்கும் ஆலையில், ‘எது இயங்குகிறது, எது திறந்து கிடக்கிறது’ என்ற அறிவு ஒரு முறையினரிடமிருந்து அடுத்த முறையினருக்குக் கைமாறாவிட்டால், அந்த அறிவு இருந்தும் இல்லாததே என்பதை அந்த இரவு உலகுக்கு உணர்த்திற்று.

2020 ஜூலை 1. தமிழ்நாட்டின் நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையம். நின்றிருந்த ஐந்தாம் அலகின் கொதிகலனை மீண்டும் இயக்க ஆயத்தமான வேளையில் அது வெடித்தது. ஆறு தொழிலாளர்கள் அவ்விடத்திலேயே மாண்டனர்; படுகாயமுற்ற மேலும் பலர் பின்னர் மருத்துவமனையில் இறந்தனர். அதே நிலையத்தில் அதே ஆண்டு மே 7 அன்றும் இன்னொரு கொதிகலன் விபத்து உயிர்களைக் கொண்டுபோயிருந்தது. பழுப்பு நிலக்கரி தானே சூடேறிப் பற்றும் இயல்புடையது. கொதிகலனின் பொத்தானை அணைத்தபின்னும் அதனுள் வெப்பமும் எரிபொருளும் எஞ்சியிருக்கலாம். ‘நின்றுவிட்டது’ என்பதும் ‘அடங்கிவிட்டது’ என்பதும் ஒன்றல்ல. இயந்திரம் நின்ற நிலையிலிருந்து ஓடும் நிலைக்கு மாறும் இடைப்பொழுதே பெரும்பாலும் மிகக் கொடியது; திருமலையில் தளம் முறிந்ததும், தாழ்ந்த நிலைக்கும் உயர்ந்த நிலைக்கும் இடைப்பட்ட பொழுதிலேதான்.

2020 ஓகஸ்ட் 17. இலங்கை முழுவதும் நண்பகலில் இருளில் ஆழ்ந்தது; மின்விநியோகம் வழமைக்குத் திரும்ப மாலையாயிற்று. கொழும்புக்கு வடக்கே கெரவலப்பிட்டிய உபமின்நிலையத்தில் நடந்த பராமரிப்பு வேலையே அதன் தொடக்கம். உபமின்நிலையத்தை முழுமையாக நிறுத்துவது நடைமுறையில் இயலாது. ஒரு பகுதியை மட்டும் பிரித்து வேலை செய்வர். பிரிக்கப்பட்ட பகுதியை நிலத்தோடு இணைக்கும் ஆளி ஒன்று உண்டு. அது வேலை செய்பவரின் உயிர்க்காப்பு. அன்று மின்சாரம் இருந்த பகுதியிலேயே அந்த ஆளி மூடப்பட்டது. காக்கவேண்டிய கருவி, தவறான இடத்தில், நாட்டின் மின்சாரத்தை நிலத்துக்குள் பாய்ச்சிற்று.

ஒருவரின் தவறா?

விபத்துச் செய்திகளைப் பத்திரிகைகளில் நெடுங்காலம் பார்த்தவர்களுக்கு ஒரு சொல் நன்கு பழகியிருக்கும். அது ‘கவனக்குறைவு’. செய்தியின் மூன்றாம் பந்தியில் அது வந்துவிடும்; வந்ததும் செய்தி முடிந்துவிடும். ஒரு பணியாளர் இடைநிறுத்தப்பட்டார், ஓர் அதிகாரி விசாரிக்கப்படுகிறார் என்ற வரியோடு வாசகரும் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்.

1944இலும் அப்படியே. தளத்துக்குப் பொறுப்பானவர் நீதிமன்றத்தின் முன் நின்றார். கெரவலப்பிட்டிய விடயத்திலும் ஒருவரின் பிழை என்ற சொல்லே முதலில் நாடெங்கும் பரவியது. பிழை நேரவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஓர் அறையின் ஒழுங்கு பிசகியது உண்மை. ஓர் ஆளி தவறாக மூடப்பட்டதும் உண்மை. ஆனால் அவற்றுக்கு அடுத்த கேள்விகள் கேட்கப்பட்டாலன்றி விசாரணை நிறைவுறாது. நிறைகப்பலை ஏற்றுவதென்று முடிவானபோது, அந்த நிறைக்குரிய ஒழுங்கு எழுத்தில் வகுக்கப்பட்டதா? தளம் வளைவதைக் காணும் இடத்தில் யாரேனும் நிறுத்தப்பட்டிருந்தாரா? அப்படி நின்றவருக்கு ‘நிறுத்து’ என்று சொல்லும் அதிகாரம் இருந்ததா? மின்சாரம் உள்ள இடத்தில் மூட இயலாதபடி அந்த ஆளியைத் தடுக்கும் பூட்டு என்ன ஆயிற்று? ஒரு நிலையத்தின் கோளாறு ஒரு நாடு முழுவதற்கும் பரவாமல் தடுக்கும் ஏற்பாடு எங்கே போயிற்று?

மனிதர் என்றாவது ஒருநாள் பிசகுவர் என்பதை ஏற்றுக்கொண்டு, பிசகினாலும் உயிரும் உடைமையும் தப்பும்படி வேலையை அமைப்பதே ஆபத்தை அளத்தல் என்பதன் பொருள். ‘யாரும் பிசகமாட்டார்’ என்ற நம்பிக்கையில் அமைத்துவிட்டு, பிசகியவரைப் பின்னர் தண்டிப்பது எளிய வழி. தண்டனை பெற்றவர் போனபின்னும் அதே தளம், அதே ஆளி, அதே அனுமதித் தாள் அடுத்தவருக்காகக் காத்திருக்கும்.

இதை வாசிப்போரிற் பலர் வளைகுடா நாடுகளின் எண்ணெய் ஆலைகளிலும், கனடாவினதும் ஐரோப்பாவினதும் தொழிற்சாலைகளிலும், சிங்கப்பூரின் கப்பல் தளங்களிலும் பணிபுரிவோராகவோ அவர்களின் உறவினராகவோ இருப்பர். ‘கொஞ்ச நேர வேலைதானே, நிறுத்தாமலே பார்த்துவிடு’ என்ற மேலாளரின் சொல்லைக் கேட்டிராத தொழிலாளி அரிது. வந்த நாட்டில் புதியவராக, மொழியும் முழுமையாக வராதவராக, வேலையை இழக்க அஞ்சுபவராக இருப்பவருக்கு மறுத்துச் சொல்வது கடினம். அவருக்காகவாவது கேள்விகளைச் சுருக்கிச் சொல்லலாம். இதை நிறுத்த முடியாது என்பது உண்மையா, அல்லது நிறுத்த விருப்பமில்லையா? உள்ளே என்னென்ன ஆற்றல்கள் இருக்கின்றன. அவற்றுள் எது ஓடியே ஆகவேண்டும், எதை இறக்கிவிடலாம்? நேற்றைய கணக்கு இன்றைய நிலைக்குப் பொருந்துமா? எனக்கு முன் வேலை செய்தவர் எதைத் திறந்து விட்டுப் போனார்? தவறு தொடங்கினால் அதை முதலில் காண்பவர் யார், நிறுத்தும் உரிமை அவருக்கு உண்டா? நான் எந்த வழியாக வெளியேறுவேன்?

ஆறு கேள்விகள்தான், கேட்டு முடிக்க ஐந்து நிமிடங்கூட ஆகாது. விடை கிடைக்காத கேள்வி ஒன்று எஞ்சினாலும், வேலையைத் தொடங்காதிருப்பதற்கு அது போதுமான காரணம்.

1944இல் முறிந்த அந்தப் பெருந்தளத்தின் சிதைவு இன்றும் திருமலைத் துறைமுகத்தின் ஆழத்தில் கிடக்கிறது. ஆழ்கடற் சுழியோடிகள் இறங்கிப் பார்த்துவருகின்றனர். பகைவர் மூழ்கடித்த கப்பல்களுக்கு வரலாற்று நூல்களில் அத்தியாயங்கள் உண்டு. ஒரு கணக்குப் பிசகினால் மூழ்கிய இத்தளத்துக்கு ஓர் அடிக்குறிப்பு மட்டுமே கிடைத்தது. ஆலைகளிலும் மின்நிலையங்களிலும் நாள்தோறும் உயிரைப் பணயம் வைத்து வேலை செய்வோருக்குப் பயன்படுவது அந்த அடிக்குறிப்பே.